அசுர பாஷை தெரிந்த ஜெயக்கொடி

ஜெயக்கொடி அக்காவின் குரலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். செஞ்சியில் நெல் ஏலம் போகும் விற்பனைக்கூடத்தை நாங்கள் கமிட்டி என்றுதான் சொல்வோம். அறுவடை நாட்களில் அங்கே மூட்டைகள் வந்து குவிந்துவிட்டால் லாரி ஹாரனும் எடை போடுகிறவர்களின் கூச்சலும் சேர்ந்து, பக்கத்தில் நிற்பவன் பேசுவதே காதில் விழாது. அந்த இரைச்சலில் கிழக்குக் கோடியில் நின்றுகொண்டு, “டேய், அந்தச் சாக்க மிதிக்காத” என்று அக்கா ஒரு சத்தம் போட்டால், மேற்குக் கோடியில் இருப்பவன் காலைத் தூக்கிக்கொள்வான். அவன் மிதித்திருக்கவே மாட்டான். இருந்தாலும் தூக்கிக்கொள்வான்.

அக்காவுக்கு வயது ஐம்பத்து மூன்று. பிறந்தது சிங்கவரம், வாழ்க்கைப்பட்டது செஞ்சியில் ராணிக்கோட்டை மலைக்குக் கீழே இருக்கும் தெருவில். இருபத்தெட்டு வருஷமாகக் கமிட்டியில் நெல்லைக் கொட்டி, காயவைத்து, தூற்றி, மூட்டை பிடிக்கிற வேலை. நெல்லை ஒரு கை அள்ளிப் பார்த்து எந்த ஏரித் தண்ணீரில் விளைந்தது என்று சொல்வாள். பாதி நேரம் அது தப்பாக இருக்கும். ஆனால் சொல்லும் தோரணையைப் பார்த்துவிட்டு விவசாயியே, “அந்த ஏரித் தண்ணிதான் போல” என்று தலையாட்டிவிடுவார். சந்தேகம் என்பதை அக்கா எங்கும் காட்டியதில்லை.

நான் பாண்டுரங்கன். குட்டி யானை வண்டி வைத்து லோடு அடிக்கிறேன். பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் பாரதக் கூத்து நடக்கும் ஊர்களில் நான்தான் பீமன். உடம்பைப் பார்த்துக் கொடுத்த வேஷம். அக்காவின் வீட்டுக்காரர் துரைக்கண்ணு மாமா எங்கள் கூத்துக் குழுவில், அதாவது ஜமாவில், பகாசுரன். மற்ற நாட்களில் திண்டிவனம் ரோட்டில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். ஆள் ஒல்லி. ஆனால் தோளில் மரக்கட்டை அணி கட்டி, கிரீடம் வைத்து, முகத்தில் கறுப்பும் சிவப்பும் பூசிவிட்டால் எனக்கே கொஞ்சம் பயம் வரும். தினமும் ஒரு வண்டிச் சோற்றையும் ஓர் ஆளையும் தின்கிற அசுரன் அப்படித்தானே இருக்க வேண்டும்?

எங்கள் பக்கத்தில் பகாசுரன் கதையைப் பட்டப்பகலில்தான் நடத்துவார்கள். நிஜமான மாட்டு வண்டி ஒன்றைக் கட்டி, அதில் பீமனை உட்காரவைத்துத் தெருத் தெருவாக இழுத்துப் போவார்கள். வீட்டுக்கு வீடு சோறு, கொழுக்கட்டை, சுண்டல், வாழைப்பழம் என்று கொண்டுவந்து வண்டியில் வைப்பார்கள். பீமன் தின்றுகொண்டே போக வேண்டும். திடலுக்குப் போனால் அங்கே அசுரன் காத்திருப்பான். அவனுக்கென்று வந்த சோற்றைப் பீமன் அவன் கண்ணெதிரிலேயே தின்று தீர்த்துவிட்டு, இறங்கி அவனைக் கொல்வான். என் வேஷத்துக்கு நடிப்பு அதிகம் தேவையில்லை என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள்.

அசுரனுக்கு நம் பாஷை தெரியாது. அவன் பேசுவதைக் கட்டியக்காரன் கேட்டுத் தமிழில் சொல்வான். மற்ற ஜமாக்களில் அசுரன் ஆவென்று கத்துவான், அவ்வளவுதான். எங்கள் மாமா அதில் ஒரு பாஷையே செய்து வைத்திருந்தார். எதைச் சொன்னாலும் சோற்றின் பெயர் முதலில் வரும், ஆள் பெயர் பிறகு வரும், என்ன செய்தான் என்பது கடைசியில் வரும். அசுரனுக்கு முதல் கவலை வயிறு என்பதால் அப்படி. ஒவ்வொரு வாக்கியமும் “தக்கா” என்று முடியும், அந்தத் தக்காவுக்கு வலது காலைத் தரையில் அடிப்பார். சலங்கையும் மிருதங்கமும் அங்கே ஒன்றாக விழும். கட்டியக்காரன் ஆதிமூலத்துக்கு அந்தப் பாஷையில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. மாமா எதைச் சொன்னாலும் அவன் வாய்க்கு வந்ததைச் சொல்வான், ஜனம் சிரிக்கும்.

அந்தப் பாஷை தெரிந்த ஒரே ஆள் அக்கா. கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு, ஒரே அறை வீட்டில் பிள்ளைகள் முன்னால் சண்டை போட முடியாமல் இரண்டு பேரும் தவித்திருக்கிறார்கள். ஒருநாள் மாமா பொறுக்க முடியாமல் அசுர பாஷையில் இரண்டு வார்த்தை விட்டிருக்கிறார். அக்கா சும்மா இருக்கிற ஆளா? அந்தப் பாஷையில் இல்லாத ஒரு வார்த்தையை அந்த நிமிஷமே உண்டாக்கித் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். அதன் பிறகு வருஷக்கணக்காக அந்த வீட்டுச் சண்டை எல்லாம் அசுர பாஷையில்தான். அதிலிருக்கும் வசவுகளில் பாதி அக்கா செய்தது. மாமா அவற்றைத் திடலுக்கு எடுத்துப்போய்க் கைதட்டு வாங்கினார். “என் வார்த்தைக்கு இவருக்குக் கைதட்டு” என்று அக்கா அலுத்துக்கொள்வாள். உள்ளுக்குள் பெருமைதான்.

வருஷா வருஷம் திடலில் மாமா அக்காவையும் ஒரு வார்த்தை திட்டுவார். அக்கா மிருதங்கக்காரருக்குப் பக்கத்தில் முதல் வரிசையில் இருப்பாள். “சாம்பளா கொடிம்பா லொட்டுரு தக்கா” என்பார். சாம்பாரை ஜெயக்கொடி குட்டைத் தண்ணீரில் வைத்தாள் என்று அர்த்தம். ஆதிமூலம் அதைத் தமிழாக்கி, “ராஜாவுக்கு இந்த ஊரு பொண்ணுங்களப் புடிச்சிருக்குதாம்” என்பான். ஊர் அதற்குச் சிரிக்கும். அக்கா அதற்கு முன்பே சிரித்து முடித்திருப்பாள்.

போன வருஷத்துக்கு முந்தின வைகாசியில் ஓர் ஊரில் கூத்து. ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. நல்ல ஊர், அடுத்த வருஷமும் என்னைக் கூப்பிட வேண்டும். பதினோரு மணிக்கு வண்டி திடலுக்கு வந்துவிட்டது. நல்ல வெயில். மாமா ஆடிக்கொண்டு வந்தார். வழக்கமான மிரட்டல், பிறகு சாம்பார் வசவு. அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு வார்த்தை திருப்பிக் கொடுத்தாள். ஜனம் கைதட்டியது. நான் வண்டியில் கொழுக்கட்டை தின்றுகொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு மாமா பேசியது வேறு மாதிரி இருந்தது. வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வழவழவென்று வந்தன. ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். கண்ணை உருட்டி, கையை நீட்டி, யாரிடமோ எதையோ கேட்பதுபோல் நின்றார். ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. ஆதிமூலத்துக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. “பொங்கல்ல உப்பு இல்லியாம். தர்மகர்த்தாவத் தொட்டுக்கினு தின்னுட்டா சரியாப் பூடுமாம்” என்றான். திடலே அதிர்ந்தது. நானும் சிரித்தேன். மாமா இந்த வருஷம் புதுச் சரக்கு கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்தேன். கூட வேஷம் கட்டுகிறவன், பத்து வருஷம் அவர் மேல் கதாயுதத்தை ஓங்கியவன், வாயில் கொழுக்கட்டையோடு சிரித்துக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அக்கா எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராகத் திடலுக்குள் வந்தாள். இதுவும் கூத்தில் ஒரு பகுதி என்று நினைத்து விசில் அடித்தார்கள். மாமாவுக்கு முன்னால் போய் நின்று அசுர பாஷையில் மெதுவாக ஏதோ கேட்டாள். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டாளாம். அந்தப் பாஷையில் அதைவிடச் சுலபமான கேள்வி கிடையாது, இரண்டு பேரும் தினமும் கேட்டுக்கொள்வது. மாமா பதில் சொன்னார். அதில் சோறும் இல்லை, ஆளும் இல்லை, கடைசியில் தக்காவும் இல்லை. வலது கால் தரையை அடிக்காமல் அப்படியே கிடந்தது. முகம் ஒரு பக்கம் இறங்கியிருந்ததைப் பூச்சு மறைத்துவிட்டிருந்தது.

“நிறுத்துங்கடா!” என்றாள் அக்கா. கமிட்டிக் குரல். மிருதங்கம் நின்றது.

தர்மகர்த்தா கோவிந்தசாமி ஓடிவந்தார். “இன்னா ஜெயக்கொடி, நடுவுல பூந்துட்ட?”

“அவருக்கு ஒடம்பு சரியில்ல. இது அவரு பாஷை இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போவணும்.”

“வெயிலுக்குத் தல சுத்தியிருக்கும். ஒரு சோடா குடு. அசுரன வரவழைச்சிட்டு உசுரோட கிரீடத்தக் கழட்டினா ஊரு தாங்காதும்மா. பீமன் இன்னும் சோறே தின்னு முடிக்கல.”

அவர் சொன்னதைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் அது அப்படித்தான். அசுரனுக்குக் கிரீடம் வைத்துத் திடலுக்கு அழைத்துவிட்டால், பீமன் கையால் விழுந்த பிறகுதான் கழற்ற வேண்டும். இல்லையென்றால் அசுரன் அந்த ஊரிலேயே தங்கிவிடுவான், மாடு கன்று நிலைக்காது, மழை வராது என்பார்கள். நானும் அதை நம்புகிறவன்தான். நாங்கள் இருந்த இடத்திலிருந்து கொல்லும் கட்டத்துக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. இரண்டு பாட்டு, ஒரு தர்க்கம், வண்டியில் பாதிச் சோறு. சுற்றிலும் ஆள் ஆளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். உட்காரவை, காற்று வரட்டும், மந்திரிக்கிறவரைக் கூப்பிடு, நூற்றெட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் போடு என்று ஆளுக்கொரு யோசனை.

அக்கா யாரோடும் வாதம் செய்யவில்லை. தர்மகர்த்தாவைத் திட்டவும் இல்லை. திரும்பி, வண்டியில் இருந்த என்னைப் பார்த்தாள்.

“பாண்டு, அவரக் கொல்லு.”

“அக்கா?”

“இப்பவே கொல்லுடா. எறங்கு!”

எனக்கு அப்போதுதான் மண்டையில் ஏறியது. வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு வண்டியிலிருந்து குதித்தேன். மிருதங்கக்காரர் கெட்டிக்காரர், பாட்டு, தர்க்கம் எல்லாவற்றையும் தாண்டிக் கடைசி அடிக்குப் போய்விட்டார். அக்கா மாமாவுக்குப் பின்னால் போய் இரண்டு கையாலும் அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். நான் கதையை ஓங்கினேன். மாமா என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணில் இருந்தது அசுரன் இல்லை. தோளில் பூ வைப்பதுபோலக் கதையை வைத்து எடுத்தேன். அக்கா அவரை அப்படியே தன் மேல் சாய்த்துத் தரையில் இறக்கினாள்.

“விழுந்துட்டான்!” என்று அவளே சத்தமும் போட்டாள். “இன்னா பாத்துக்கினு நிக்கிறீங்க? ஆரத்தி எடுங்க!”

தர்மகர்த்தா ஒரு விநாடி அவளைப் பார்த்தார். பிறகு அவரே தேங்காயை உடைத்தார், அவரே எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி நாலு திக்கும் வீசினார். கெட்ட மனிதர் இல்லை. ஊருக்காகப் பயந்தார், ஊருக்கு ஆக வேண்டியது ஆனதும் கிரீடத்தைக் கழற்றத் தன் கையையே கொடுத்தார். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். எங்கள் ஜமா சரித்திரத்தில் அவ்வளவு சீக்கிரம் செத்த பகாசுரன் வேறு இல்லை.

நூற்றெட்டு வர அரை மணி நேரம் ஆகும் என்றார்கள். “காத்திருக்க மாட்டேன், வண்டிய எடு” என்றாள் அக்கா. மாமாவை வைக்கோல் போட்டு என் குட்டி யானையின் பின்னால் படுக்கவைத்து, தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். செஞ்சி ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்த உடனே பக்கவாதம் என்றார், தாமதிக்காமல் ஆம்புலன்ஸில் ஏற்றி விழுப்புரம் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். நான் பின்னாலேயே வண்டியை விரட்டினேன். வாசலில் காவலாளி, “அத வெளிய வெச்சிட்டுப் போங்க சார்” என்றார். எதை என்று குனிந்து பார்த்தால் கதை என் கையிலேயே இருந்தது. முகத்தில் பச்சைப் பூச்சு, காலில் சலங்கை. நான் நடக்க நடக்க வார்டே திரும்பிப் பார்த்தது.

உள்ளே ஒரு டாக்டரம்மா அக்காவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். மூளைக்குப் போகும் குழாயில் ரத்தக் கட்டி அடைத்திருந்தால் கரைக்க ஊசி இருக்கிறது, நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதனால் சரியான நேரம் வேண்டும் என்று கேட்டார். “கடைசியா எத்தன மணிக்கு நல்லாப் பேசினாரு?”

“பதினொன்னு இருவது. அதுக்கப்புறம் அஞ்சு நிமிஷத்துல போயிடுச்சி.”

“எப்படி அவ்வளோ கரெக்டா சொல்றீங்க?”

“அப்பதான் என்னத் திட்டினாரு. பக்கத்துல மிருதங்கக்காரரு கைக்கடியாரத்தப் பாத்தேன், இன்னும் எவ்ளோ நேரம் ஆவும்னு. அதோட அவரு பேச்சு மாறிடுச்சி.”

“மாறிடுச்சின்னா? நாக்கு கொழறுச்சா?”

“இல்ல. மொதல்ல அசுர பாஷை பேசினாரு. அப்புறம் பேசினது அசுர பாஷை இல்ல.”

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். என் பச்சை முகத்தை ஒரு தடவை பார்த்தார். “அந்தப் பாஷை யாருக்கும்மா புரியும்?”

“எனக்குப் புரியும்” என்றாள் அக்கா. கமிட்டியில் நெல்லை அள்ளிப் பார்த்துச் சொல்கிற அதே தோரணை. இந்தத் தடவை அது தப்பில்லை. டாக்டரம்மா இன்னும் ஒரு விநாடி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, 11.20 என்று எழுதிக்கொண்டார். ஸ்கேன் எடுத்தார்கள், ஊசி போட்டார்கள்.

உயிர் தங்கியது. கால் தேறியது, வலது கை பாதி தேறியது. பேச்சுத்தான் வரவில்லை. வார்த்தைகள் வரும், ஆனால் எதுவும் எந்தப் பாஷையும் இல்லை. தமிழும் போயிற்று, அசுர பாஷையும் போயிற்று. நாம் சொல்வது அவருக்குப் புரியும். அவர் சொல்வது நமக்குப் புரியாது. தண்ணீர் கேட்கிறாரா, கதவைச் சாத்தச் சொல்கிறாரா என்று தெரியாமல் எல்லோரும் சுற்றி நிற்பார்கள். மாமா நெற்றியில் அடித்துக்கொள்வார்.

பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் நல்ல பெண். படம் காட்டி வார்த்தை சொல்லவைக்க ஒரு கட்டு அட்டை கொடுத்தாள். அக்கா இரண்டு மாதம் தவறாமல் காட்டினாள். டம்ளர் படம், பசு மாடு படம். ஒவ்வொரு தடவை மாமா தப்பாகச் சொல்லும்போதும் திருத்தினாள். மாமா பேசுவதையே விட்டுவிட்டார். காலையிலிருந்து சாயங்காலம் வரை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். ஆதிமூலம் அவரைப் பார்க்கப் போய் ஐந்து நிமிஷம்கூட இருக்க முடியாமல் திரும்பிவிட்டான். அன்று தான் சொன்ன தமிழை எல்லாம் நினைத்து வாசலில் நின்று அழுதான்.

ஒருநாள் கமிட்டியில் அக்காவிடம் கேட்டேன். “மாமா இனிமே பேசவே மாட்டாராக்கா?”

“அவரு பேசிக்கினுதான் இருந்தாரு. நாந்தான் தப்பு தப்புன்னு வாய மூடிட்டேன்.” முறத்தைக் கீழே வைத்தாள். “அன்னிக்குத் திடல்ல ரெண்டு நிமிஷம் நானும் சிரிச்சேன், தெரியுமா? அது இன்னும் அறுக்குது. இப்ப இதையும் செஞ்சிட்டேன். போதும். ஒரு பாஷை அவருகிட்ட கத்துக்கிட்டேன், இன்னொன்னு கத்துக்க எத்தினி நாளு ஆவும்?”

அன்று முதல் திருத்துவதை நிறுத்திவிட்டாள். மாமா எந்தச் சத்தத்தைச் சொல்லி எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று கவனித்தாள். ஒரே பொருளுக்கு இன்று ஒன்று, நாளை ஒன்று என்று சொன்னார். அக்கா அவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதையே தானும் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல அவருக்கும் அதுவே நின்றது. தண்ணீருக்கு ஒன்று நின்றது. பசிக்கு ஒன்று. என் பெயர்கூட “வங்கு” என்று நின்றுவிட்டது. பயிற்சிப் பெண்ணிடம் சொன்னபோது, எப்படியாவது பேச்சு ஓடினால் சரி, தமிழ் மெதுவாகப் பின்னால் வரட்டும் என்றாளாம்.

போன மாதம் ஒரு லோடு இறக்கிவிட்டு அந்தத் தெரு வழியாக வந்தேன். வீட்டுக்குள் பெரிய சத்தம். பயந்துபோய் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே ஓடினேன். மாமா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, இடது கையை நீட்டி, “தோலாங்கு! தோலாங்கு பிர்ரா!” என்று கத்திக்கொண்டிருந்தார். அக்கா அடுப்படியிலிருந்து, “யோவ், தோலாங்கு மொளுகு! மொளுகுன்னா மொளுகுதான்!” என்று திருப்பிக் கத்தினாள்.

“இன்னாக்கா ஆச்சி?”

“கருவாடு வேணுமாம். உப்பு ஆவாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. எத்தினி வாட்டி சொல்றது?”

மாமா என் பக்கம் திரும்பினார். என்னை நாட்டாமையாக வைத்துக்கொண்டு நியாயம் கேட்டார். விரலை ஆட்டி, புருவத்தைத் தூக்கி, நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கி, அக்காவை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடியும் ஆரம்பித்தார். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. பெண்டாட்டியைப் பற்றி வீட்டுக்கு வந்தவனிடம் புகார் சொல்கிற ஒரு மனிதனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. துடைக்கத் துடைக்க வந்தது.

அக்கா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

“நீ ஏன்டா அழுவுற? கருவாடு இல்லன்னு அவரே அழுவல” என்றாள். சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தாள்.